எங்கள் சந்துக்கு நான் நம்பர் போட்ட கதை

இருபது வயதில் தாடி விட்டவன் கையில் யாரும் ஒரு டப்பா பெயிண்டைக் கொடுத்துவிடக் கூடாது. எங்கள் நைனா கொடுத்தார். அவரைக் குறை சொல்லவில்லை, ஜன்னல் கம்பிக்கு அடிக்கத்தான் கொடுத்தார். நைனா துறைமுகத்தில் சரக்குத் தூக்குகிற வின்ச் ஓட்டிக்கொண்டிருந்தார். கப்பலுக்குப் பெயிண்ட் அடிக்கிற சிநேகிதர் ஒருவர் மிச்சமாகிப்போன ஒரு டப்பாவை அவருக்குக் கொடுத்திருந்தார். கப்பலின் அடிப்பாகத்துக்கு அடிக்கிற சிவப்புப் பெயிண்ட் அது. வருஷக்கணக்கில் உப்புத் தண்ணீரில் ஊறினாலும் போகாது என்று சொல்லித்தான் கொடுத்தார். நான்தான் காதில் வாங்கவில்லை.

எழுபதுகளின் தொடக்கம். ஓவியக் கல்லூரியில் எனக்குக் கடைசி வருஷம். ஜிப்பா, தோளில் ஜோல்னாப் பை, தாடி. (தாடி என்றால் மொத்தம் பதினோரு முடி. அம்மா பார்த்துச் சொன்னது.) ராயபுரத்தில் கடலோரமாக ஒரு சந்தில் எங்கள் வீடு. சந்தின் ஒரு முனையில் தார் ரோடு, மறுமுனையில் கடல். சின்ன வயதில் நைனா அந்த மறுமுனைக்கு அப்பால் கால்பந்து ஆடியிருக்கிறாராம். கட்டுமரங்களை வரிசையாக ஏற்றிவைத்து, வலைகளைக் காயப்போட்டு, அதற்குப் பிறகும் ஆட்டத்துக்கு இடம் இருந்ததாம். நான் பிறந்தபோது ஆட்டம் போய்விட்டது. தாடி விட்டபோது வலை காயப்போடவும் இடம் இல்லை.

துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீட்டிக் கட்டிய சுவர், தெற்கிலிருந்து வருகிற மணலைப் பிடித்து அங்கேயே நிறுத்திவிட்டது. மெரினாவில் ஜனங்கள் அந்த மணலில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டார்கள். அது எங்களுக்கு வரவேண்டிய மணல் என்று அவர்களுக்குத் தெரியாது. எங்கள் பக்கத்தில் கடல் ஒரு வருஷம் ஒரு வீடு, மறு வருஷம் இரண்டு வீடு என்று நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

நான் கலைஞன் அல்லவா? இதை வரைந்து உலகத்துக்குக் காட்டியே தீர்வது என்று முடிவு செய்தேன். ஒன்பது படம் வரைந்தேன். ஒன்பதிலும் கடல். நைனா வேலை முடிந்து வந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“இன்னாடா இது? எல்லாத்தையும் சொட்டு நீலத்துல முக்கி எட்த்துகீற?”

அவருக்குக் கலை தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் கல்லூரியில் எங்கள் மாஸ்டர் அதே ஒன்பது படங்களையும் சுவரோரம் சாய்த்து வைத்துப் பார்த்தார். மாஸ்டர் நல்லவர், குறைவாகப் பேசுவார். அந்தக் குறைவான பேச்சுதான் எங்களைக் கெடுத்தது. அவர் வாயிலிருந்து எது விழுந்தாலும் வேதவாக்காக எடுத்துக்கொள்வோம்.

“இது காலண்டர்” என்றார்.

நான் தாடியைத் தடவினேன்.

“உங்க பக்கத்துல கடல் என்ன பண்ணுது?”

“உள்ள வருது சார்.”

“எவ்வளவு உள்ள வருது?”

எனக்குத் தெரியவில்லை. கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்தவன், ஒருநாள்கூட அதைக் கவனித்ததில்லை. மாஸ்டர் அதற்காகத் திட்டவில்லை. “போய்ப் பாரு. பார்த்ததை அங்கேயே பண்ணு. கேன்வாஸ் வேண்டாம். இன்னொண்ணு, யாராவது இது என்னன்னு கேட்டா விளக்கிச் சொல்லாதே. விளக்கினா அது ஓவியம் இல்லை, நோட்டீஸ்” என்றார். அடுத்த வாரத்துச் சனிக்கிழமை தானே நேரில் வந்து பார்ப்பதாகவும் சொன்னார். அந்த வருஷத்து மதிப்பெண்ணில் பாதி அதில்தான்.

நான்கு நாள் தூங்காமல் யோசித்துத் திட்டம் போட்டேன். ஒவ்வொரு வீட்டு வாசலிலிருந்தும் அலை வந்து திரும்புகிற இடம் வரை நடப்பது. எத்தனை தப்படி என்று எண்ணுவது. அந்த எண்ணை அந்த வீட்டுச் சுவரில் எழுதுவது. அவ்வளவுதான். மாஸ்டர் தார் ரோட்டுப் பக்கமிருந்து சந்துக்குள் நடந்து வருவார். தொண்ணூறு, எழுபத்தைந்து, அறுபது என்று எண்கள் குறைந்துகொண்டே போகும். கடைசியில் கடல். நினைத்தபோதே எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. (பதினோரு முடியும் சேர்த்து.)

ஞாயிற்றுக்கிழமை காலை மாதா கோயிலில் ஏழு மணிப் பூசைக்குச் சந்தில் முக்கால்வாசிப் பேர் போய்விடுவார்கள். நான் வயிற்றுவலி என்று வீட்டில் தங்கிவிட்டேன். பூசை முடிந்து எல்லோரும் திரும்பி வந்தபோது பாதிச் சந்துக்கு நம்பர் போட்டு முடித்திருந்தேன். கையில் பிரஷ், டப்பா, முகத்தில் தியானம்.

“டேய் அமலு, இன்னாத்துக்குடா நம்பரு?”

புன்னகைத்தேன்.

“ஒன்னியத்தாண்டா கேக்குறன். இன்னா எழுதிகினு கீற?”

“அப்புறம் தெரியும்” என்றேன். விளக்கக் கூடாதே.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய வருஷம்தான் வியாசர்பாடிப் பக்கம் ஒரு குடிசைப் பகுதியில் சர்க்கார் ஆட்கள் வந்து வீட்டுக்கு வீடு சிவப்பில் நம்பர் போட்டுவிட்டுப் போனார்கள். நம்பர் விழுந்த குடும்பத்துக்கெல்லாம் மாடிக் கட்டடத்தில் ஒரு வீடு என்று பேச்சு. நம்பர் விழாதவர்கள் ஆபீஸ் ஆபீஸாக அலைந்துகொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சேதி. நான் மட்டும் உலகத்துக்கு வெளியே ஓவியம் வரைந்துகொண்டிருந்தேன். வாசல் வாசலாக நின்று, நடந்து அளந்து, சிவப்புப் பெயிண்டில் நம்பர் போட்டு, கேட்டால் பதில் சொல்லாமல் அடுத்த வீட்டுக்குப் போகிறவன் யாராக இருக்க முடியும்? மத்தியானத்துக்குள் எனக்குச் சர்க்கார் வேலை கிடைத்துவிட்டது.

அம்மாவிடம் நான்கு பேர் வந்து வாயில் சர்க்கரை போடு என்று கேட்டார்கள். நைனாவுக்குச் சேதி சாராயக் கடைப் பக்கம் போய்ச் சேர்ந்திருந்தது. வீட்டுக்குள் நுழையும்போதே சிரிப்பு.

“எழுத்து ஷோக்கா கீதுன்னு சர்க்கார்லேர்ந்தே கூப்ட்டு வேல குட்த்துகீறாங்களாமே? பெத்தவங்கிட்ட ஒரு வார்த்த சொன்னானா பாரு, ராஸ்கோலு!”

நான் ஓவியக் கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து நைனா என்னிடம் சரியாகப் பேசியதில்லை. அன்றைக்குத் தன் தட்டிலிருந்த வஞ்சிர மீன் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயில் மீன் இருந்தது, சொல்லவில்லை. அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை என்பதும் ஒரு காரணம்.

மறுநாள் காலையில் சண்டை ஆரம்பித்தது. எங்கள் சந்தில் வீடுகள் எதிரும் புதிருமாக இருக்கும். எதிரெதிர் வீட்டிலிருந்து கடலுக்கு ஒரே தூரம்தானே? ஒரே நம்பர் விழுந்திருந்தது. ஐம்பத்திரண்டாம் நம்பர் விழுந்த இரண்டு வீட்டுக்காரிகளும் ஒரு சேவல் விஷயமாக ஏழெட்டு வருஷமாகப் பேச்சை நிறுத்தியிருந்தவர்கள். அன்றைக்குப் பேசினார்கள். ஒரு நம்பருக்கு ஒரு வீடு என்றால் தங்களை ஒரே வீட்டில் சேர்த்துப் போட்டுவிட்டார்கள் என்று இருவருக்கும் புரிந்துபோயிருந்தது.

“அவ கூட ஒரே வூட்ல நானா? கடலே வந்து என்னிய இட்டுகினு போவட்டும்!”

“நீ போ. சேவலையும் இட்டுகினு போ.”

எங்கள் பகுதி மன்றத்துக்குச் செயலாளர் ஏகாம்பரம். மனுப் போடுவது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. அவருடைய ஓட்டு வீடு தார் ரோட்டின் மேலேயே இருந்தது. என் சந்தில் சேராததால் நான் நம்பர் போடவில்லை. செவ்வாய்க்கிழமை காலை அவர் சுவரில் பச்சைப் பெயிண்டில் பெரிதாக ஒன்று என்று இருந்தது.

“ஒன்னு வுட்டுப் போச்சு தம்பி” என்றார். “நானே போட்டுகினேன். ஒனுக்கு எதுக்குப் பேஜாரு?”

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, லூர்தக்கா வந்து நிற்கிற வரை.

லூர்தக்காவின் வீடு சந்தில் கடைசி. கடல் பக்கம். அதற்கு முன்னால் ஐந்து வீடுகள் இருந்தது எனக்கே நினைவிருக்கிறது. ஐந்தும் போய், இப்போது கடலுக்கு முதல் வீடு அவளுடையது. கட்டுமரத்தில் போன புருஷன் திரும்பாமல் பல வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை குட்டி இல்லை. காசிமேட்டில் மீன் எடுத்துக் கூடையில் வைத்துத் தெருத் தெருவாக விற்றுவிட்டு, வெயில் ஏறிய பிறகுதான் வருவாள். நான் நம்பர் போட்ட அந்த ஞாயிறும் அவள் வீட்டில் இல்லை.

அன்றைக்கு அலை அவள் வாசற்படியைத் தொட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. எண்ணுவதற்கு ஒன்றுமில்லை. மற்ற நம்பரெல்லாம் சாண் உயரம். இங்கே முழ உயரத்துக்கு ஒரு பூஜ்யம் போட்டேன். தள்ளி நின்று பார்த்தேன். (தள்ளி என்றால் அலைக்குள். ஜிப்பா நனைந்தது.) இதுதான் என் வாழ்க்கையின் ஆகப் பெரிய படைப்பு என்று தோன்றியது. கண்ணில் தண்ணீர்கூட வந்தது. அந்தச் சுவருக்குப் பின்னால் ஒரு மனுஷி தினமும் படுத்து எழுந்திருக்கிறாள் என்பது மட்டும் தோன்றவேயில்லை. இதை இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

அக்காவுக்குப் பூஜ்யத்தின் பொருளை ஏகாம்பரம் சொல்லிவிட்டிருந்தார். “முட்டைன்னா லிஸ்ட்ல இல்லன்னு அர்த்தம்மா. எப்டியும் கடல் எட்த்துக்கப் போற வூடு. அதுக்கு எதுக்கு மாத்து வூடுன்னு தள்ளிட்டானுங்க.”

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் காலிக் கூடையோடு எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்தாள்.

“அமலு, எல்லாத்துக்கும் நம்பரு, எனுக்கு மட்டும் முட்டையாடா?”

“அப்படி இல்லக்கா...”

“பின்ன எப்டி? பள்ளிக்கூடம் வுட்டு வரசொல்லோ எத்தினி நாளு எங்கூட்டு வாசல்ல குந்திகினு நெத்திலி துன்னுகீற. அந்த வாய்க்கோசரமாவது ஒரு பத்துன்னு போட்டிருக்கக் கூடாதா? மழ வரப்போவுது. இந்த வாட்டி வூடு நிக்காது. எனுக்குத் தெரியும்.”

கத்தவில்லை, அழவில்லை. சும்மா சொன்னாள். உள்ளேயிருந்து நைனா பெருமையாகக் குரல் கொடுத்தார்.

“ஆபீஸு சமாச்சாரம் லூர்து! புள்ள கையில இன்னா கீது? மேல்லேர்ந்து சொல்றத்த எழுதறான்.”

இது சர்க்கார் நம்பர் இல்லை, என் ஓவியம் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். பயந்துவிட்டேன். நைனா முகம் ஒரு பக்கம், சனிக்கிழமை மதிப்பெண் ஒரு பக்கம். “நான் பாத்துக்கறேங்க்கா” என்றேன். சர்க்கார் ஆள் சொல்கிற அதே வார்த்தை.

புதன்கிழமை ஒரு புட்டி மண்ணெண்ணெயும் பழந்துணியும் எடுத்துக்கொண்டு பூஜ்யத்தை அழிக்கப் போனேன். ஒரு மணி நேரம் தேய்த்தேன். மேலே படிந்திருந்த உப்பெல்லாம் போய், பூஜ்யம் முன்னைவிடப் பளிச்சென்று ஆகிவிட்டது. சரி, முன்னால் ஒரு ஆறைச் சேர்த்து அறுபது ஆக்கிவிடலாம் என்று பிரஷை எடுத்தேன். எங்கிருந்தோ நிஜமான அறுபதாம் நம்பர்க்காரர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். “எங்கூட்ட எட்த்து அவுங்களுக்குக் குடுக்கறியா? நல்லாகீதே கதை!” பிரஷைப் பிடுங்கிக் கடலில் போட்டுவிட்டார்.

சனிக்கிழமை மாஸ்டர் இரண்டு சிநேகிதர்களோடு டாக்ஸியில் வந்து இறங்கினார். டாக்ஸி, கண்ணாடி, வெள்ளை ஜிப்பா. போதாதா? ஏகாம்பரம் மாலை போட்டு மனுவைக் கையில் வைத்தார். யாரோ கோலி சோடாவை உடைத்து நீட்டினார்கள். சந்தில் அந்தந்த நம்பருக்குப் பக்கத்தில் அந்தந்தக் குடும்பம் குளித்துத் தலைவாரி, போட்டோவுக்கு நிற்கிற மாதிரி வரிசையாக நின்றது. மாஸ்டர் மாலையோடும் சோடாவோடும் நடுவில் நடந்தார். பரவசமாகிவிட்டார்.

“ஜனங்களை எப்படிப்பா இதுக்குள்ள கொண்டு வந்தே?” என்று காதோரம் கேட்டார்.

“அதுவா வந்தது சார்.” பொய் இல்லை.

கடைசியில் பூஜ்யம். அங்கே லூர்தக்கா துவைத்த சேலை கட்டிக் கைகூப்பி நின்றாள்.

“அய்யா, நா தனி ஆளு. எனுக்கு ஒரு மூல போதும். இந்த முட்டைய எட்த்துட்டு ஒரு நம்பரு குடுங்கய்யா.”

மாஸ்டர் அவளைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மாலையைக் கழற்றினார்.

“இவங்ககிட்ட என்னன்னு சொன்னே?”

“ஒண்ணும் சொல்லல சார். நீங்கதான் விளக்கக் கூடாதுன்னு...”

“அது காலேஜுக்குள்ள சொன்னதுப்பா” என்றார் மெதுவாக. பிறகு அக்காவிடம், “அம்மா, நான் ஆபீசர் இல்லை. ட்ராயிங் வாத்தியார். இந்த நம்பருக்கும் சர்க்காருக்கும் சம்பந்தமே இல்லை” என்று சொன்னார். நானும் பக்கத்தில் நின்று ஆமாம் ஆமாம் என்றேன்.

ஒருவரும் நம்பவில்லை. “மனுவைப் பாத்ததும் எந்த ஆபீசரு ஆபீசருன்னு ஒத்துகினான்?” என்றார் ஏகாம்பரம். அது நியாயமாகவே எல்லோருக்கும் பட்டது. அன்று இரவு சாப்பிடும்போது நைனாவிடமும் சொல்லிப் பார்த்தேன். அவர் கண்ணடித்தார். மேலிடத்து ரகசியத்தை வெளியில் விடாத பிள்ளை என்று இன்னும் ஒரு படி உயர்ந்துவிட்டேன். மாஸ்டர் நல்ல மதிப்பெண்தான் போட்டார். அதற்குக் கீழே ‘இனிமேல் முதலில் விளக்கவும்’ என்று எழுதியிருந்தார்.

மழை பிடித்தது. ஐப்பசி முழுக்கக் கடல் கொந்தளிப்பு. லூர்தக்கா வீட்டு முன்சுவரில் பாதி ஒரு நாள் பட்டப்பகலில் விழுந்தது. ஏகாம்பரம் வாரம் ஒரு மனுவாக அனுப்பிக்கொண்டிருந்தார். நம்பர் போட்டாகிவிட்டது, வீட்டுக்கு டோக்கன் எப்போது என்று. தாங்கள் போடாத நம்பருக்கு இத்தனை மனு எப்படி என்று ஆபீஸில் குழம்பியிருக்க வேண்டும். நான் நம்பர் போட்டு ஆறு வாரம் ஆனபோது ஒரு குமாஸ்தாவை அனுப்பினார்கள். ஒல்லியான மனிதர். குடை, கக்கத்தில் ரிஜிஸ்தர், மடித்துவிட்ட கால்சட்டை. சந்தே கூடிவிட்டது. நைனா அன்றைக்கு லீவு போட்டுவிட்டு முன்வரிசையில் நின்றார்.

“எங்க ஆபீஸ்ல இந்தச் சந்துக்கு நம்பரே போடலை. யார் போட்டது இது?”

“எம் புள்ளதான் சார்!” என்றார் நைனா, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. “உங்க ஆபீஸுதான். அமலதாசு.”

குமாஸ்தா என்னை மேலும் கீழும் பார்த்தார். “எங்க ஆபீஸ்ல தாடி வச்சவங்க யாரும் இல்லையே.”

நைனா என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தைப் பற்றி எழுதப்போவதில்லை. இனி விளக்காமல் முடியாது. எல்லாவற்றையும் சொன்னேன். கடல், ஓவியம், மாஸ்டர், ஒவ்வொரு நம்பரும் அந்த வாசலிலிருந்து அலை வரைக்கும் எத்தனை தப்படி என்பது. சந்து மொத்தமும் கேட்டது. கேட்டு முடித்ததும், ஐம்பத்திரண்டாம் நம்பர்க்காரிகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, ஏழெட்டு வருஷத்தில் முதல்முறையாக ஒரே விஷயத்துக்காக ஒரே ஆளைத் திட்டினார்கள். அந்த ஆள் நான்.

“சர்க்கார் நம்பர் மாதிரி போட்டு ஜனங்களை ஏமாத்தறது குத்தம், தெரியுமா?” என்றார் குமாஸ்தா. “தப்படிங்கறே. நிஜந்தானா? எங்க, நடந்து காட்டு.”

பக்கத்தில் இருந்தது முப்பத்தேழாம் நம்பர் வீடு. வாசலில் நின்று கிளம்பினேன். சந்தே கூடச் சேர்ந்து சத்தமாக எண்ணியது. இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தொன்பது. கால் தண்ணீரில் இருந்தது.

சிரிப்பு வெடித்தது. குமாஸ்தா சிரிக்கவில்லை. “இன்னொரு வீடு” என்றார். ஐம்பத்திரண்டிலிருந்து நடந்தேன். நாற்பத்து நான்கில் தண்ணீர்.

“காலேஜ்ல படிக்கிறியா?”

“ஆமாம் சார்.”

“அங்க கணக்கு உண்டா?”

“இல்லை சார்.”

“தெரியுது.”

சந்து மொத்தமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. ஏகாம்பரம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட்டத்துக்குள்ளிருந்து நைனா குரல் மட்டும் சிரிப்பில்லாமல் வந்தது. “எண்ணக் கூட வர்லியாடா ஒனுக்கு?” பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. கடலாவது விழுங்கலாம், பக்கத்தில்தான் நின்றது.

அப்போது லூர்தக்கா முன்னால் வந்தாள். “சார், எங்கூட்ல வந்து எண்ணு. முட்டன்னு போட்டுகீறான். அது கரீட்டானு பாரு.”

கூட்டம் சிரிப்பு அடங்காமல் மேலேயே நின்றுவிட்டது. குமாஸ்தா, அக்கா, நான் மூன்று பேர்தான் போனோம். முன்சுவரில் பூஜ்யத்தின் ஒரு பாதி நின்றுகொண்டிருந்தது. மறு பாதி உடைந்து அலைக்குள் கிடந்தது, பெயிண்ட் மட்டும் அப்படியே. குமாஸ்தா வாசற்படி இருந்த இடத்தில் நின்றார். கணுக்கால் தண்ணீர். வீட்டுக்குள் நடந்தார். வாய்விட்டு எண்ணினார். ஒன்று, இரண்டு. அடுப்பு இருந்த இடம் நாலாவது தப்படியில் வந்தது. எட்டாவது தப்படியில் பின்சுவர். அந்தச் சுவரோரமாக நாலு கருங்கல்லின் மேல் கயிற்றுக் கட்டிலைத் தூக்கி வைத்து, அதன்மேல் பாத்திரம், துணி, ஒரு மாதா படம் எல்லாவற்றையும் அடுக்கியிருந்தாள். அது வரைக்கும் அலை வந்து, மெதுவாகத் திரும்பிப் போனது.

குமாஸ்தா அந்தத் தண்ணீரைப் பார்த்தார். பிறகு முப்பத்தேழு, இருபத்தொன்பது என்று முணுமுணுத்தார். ஐம்பத்திரண்டு, நாற்பத்து நாலு.

“இதை என்னைக்கு எழுதினே?”

“ஆறு வாரம் ஆச்சு சார்.”

“சரியாத்தான் எண்ணியிருக்கே” என்றார்.

சந்தின் மேல்பக்கம் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அலைச் சத்தத்தில் அவர் சொன்னது அவர்களுக்குக் கேட்டிருக்காது. எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. ஒன்பது படம் வரைந்தபோதும், ஒரு சந்து நிறைய எண் எழுதியபோதும் வராத பயம். ஆறே வாரத்தில் எட்டுத் தப்படி கடலுக்குள் போய்விட்டிருந்தது. நான் அதை வைத்து மதிப்பெண் வாங்கியிருந்தேன்.

குமாஸ்தா கட்டிலின் ஓரத்தில் ரிஜிஸ்தரைப் பிரித்து வைத்துக்கொண்டார். குடையை என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

“பேர் சொல்லும்மா.”

“லூர்து மேரி.”

“லிஸ்ட்ல இல்லைன்னு உனக்கு யார் சொன்னது? கடல் பக்கத்துலேர்ந்துதான் ஆரம்பிக்கணும். கம்மி நம்பர் முதல்ல. பூஜ்யத்தைவிடக் கம்மியா ஏதாவது உண்டா?”

முதல் வரியில் பூஜ்யம் என்று எழுதி, பேரை எழுதினார். பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் பழைய எண்ணும், அன்றைக்கு நடந்து பார்த்த எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டு சந்தின் மேல்முனை வரை போனார். நான் குடை பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். ஏகாம்பரத்தின் ஓட்டு வீட்டுப் பச்சை ஒன்றை மட்டும் பார்க்காமலே தாண்டிப் போனார்.

வீடு உடனே வந்துவிடவில்லை. லூர்தக்கா அந்த மழைக்காலத்திலிருந்து எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில்தான் இருந்தாள். வருஷம் இரண்டுக்கு மேல் இழுத்து, கடலை விட்டுத் தள்ளி ஒரு கட்டடம் எழும்பியது. முதல் வீடு அவளுக்கு. கதவுகளுக்கு நம்பர் போடுகிற வேலைக்கு அந்தக் குமாஸ்தா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ஒரே நிபந்தனை, கொடுத்த வரிசைப்படி எழுத வேண்டும், நானாக எதையும் எண்ணக் கூடாது. அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு பின்னாலேயே நின்றாள். “ஒண்ணுன்னு போடு. முட்ட கிட்ட போட்ட, கூடையாலயே அடிப்பேன்.”

நைனா அந்தக் குமாஸ்தா வந்த நாளுக்குப் பிறகு ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. பிறகு துறைமுகத்தில் இந்தக் கதையை அவரே சொல்ல ஆரம்பித்தார். சொல்லச் சொல்ல அவருக்குப் பிடித்துப் போய்விட்டது. எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், காபி வருவதற்குள் கதை வந்துவிடும். “எம் புள்ள முப்பத்தேழுன்னு சொன்னா நீ இருபத்தொம்பதுன்னு எட்த்துக்கணும்” என்பார். என் கல்யாணத்தில் பெண் வீட்டாருக்கு அவர் சொன்ன முதல் சேதி அதுதான். என் மனைவி அதைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பிள்ளைகள். இப்போது பேரப்பிள்ளைகள்.

சந்து இருந்த இடத்தில் அலையைத் தடுக்கக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். எங்கள் வீட்டு விருந்துகளில் இன்றைக்கும் என்னை எண்ண விடுவதில்லை. போன கிறிஸ்துமஸுக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று மகள் கேட்டாள். முப்பத்தேழு என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். வீடு முழுக்கச் சிரிப்பு. “அம்மா, இருபத்தொம்பது பேருக்கு வடிச்சாப் போதும்!” என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தாள். நானும் சிரித்துவிட்டு இலை போடப் போனேன். நான் எண்ணியது சரிதான் என்று இத்தனை வருஷத்தில் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் அந்த எட்டுத் தப்படி எங்கே போனது என்றும் சொல்ல வேண்டியிருக்கும். சாப்பிட உட்காருகிற நேரத்தில் அது எதற்கு?